தாஜ்மகாலில் வந்து நிற்கும் இரயில்

சிம்பாங் பூலாயில் இரயில் நிலையம் இல்லை. சுண்ணாம்புக் குன்றுகள் இருக்கின்றன. அவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று தீர்க்கும் கல் குவாரிகள் இருக்கின்றன. நெடுஞ்சாலை டோல் இருக்கிறது. கேமரன் மலைக்கு ஏறும் சாலையும் இங்கிருந்துதான் பிரிகிறது. தண்டவாளம் மட்டும் எங்களைக் கண்டுகொள்ளாமல் மேற்கே ஒதுங்கி, கம்பாரிலிருந்து பத்து காஜா வழியாக ஈப்போவுக்குப் போய்விடுகிறது. அதனால் எங்கள் பக்கத்து மக்களுக்கு ‘ஸ்டேசன்’ என்றாலே ஈப்போ ஸ்டேசன்தான்.

வெள்ளிக்கிழமை இரவுகளில் அந்த வாசலைப் பார்க்க வேண்டும். கோலாலம்பூரில் வேலை பார்க்கும் பிள்ளைகள் முதுகுப் பையோடு இறங்குகிறார்கள். அப்பாக்கள் காரை ஓரமாக நிறுத்திவிட்டு, போலீஸ் வருகிறதா என்று ஒரு கண்ணும் வாசலில் ஒரு கண்ணுமாக நிற்கிறார்கள். “சாப்பிட்டியா?” என்ற கேள்வி அந்த வளைவுகளுக்குக் கீழே எத்தனை மொழிகளில் கேட்கப்படுகிறது! தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புத் திட்டங்கள் ஆன பிறகு, எங்கள் தலைமுறைக்கு வேலை தலைநகரில், வீடு பேராக்கில் என்று ஆகிவிட்டது. இரண்டையும் இன்னும் அறுந்துபோகாமல் பிடித்து வைத்திருப்பவற்றில் இந்த நிலையமும் ஒன்று.

‘ஈப்போவின் தாஜ்மகால்’ என்று இதற்கு ஒரு செல்லப்பெயர் உண்டு. எனக்கு அந்தப் பெயரில் பெரிய ஈடுபாடு இல்லை. தாஜ்மகால் கல்லறை, இங்கே நாள் முழுக்க ஆள் நடமாட்டம். ஆனால் வெள்ளைச் சுவரும் நடுக் குவிமாடமும் சுமார் 180 மீட்டர் நீளத்துக்கு ஓடும் வளைவு வராந்தாவும் மாலை வெயிலில் மின்னும்போது, பெயர் வைத்தவர் மேல் கோபப்பட முடியாது.

கட்டடத்தை வரைந்தவர் ஆர்தர் பெனிசன் ஹப்பாக். ஆங்கிலேய அரசாங்கத்தின் பொதுப்பணித் துறைக் கட்டடக் கலைஞர். கோலாலம்பூரின் ஜாமிக் பள்ளிவாசல் (1909), பழைய கோலாலம்பூர் இரயில் நிலையம் (1910), ஈப்போ நிலையத்துக்கு நேர் எதிரே நிற்கும் நகர மண்டபம் (1916), கோலகங்சாரின் உபுடியா பள்ளிவாசல் (1917) எல்லாம் அவர் கைவண்ணம். உபுடியாவுக்காக வந்த பளிங்குக் கற்களை இரண்டு யானைகள் சண்டையிட்டு உடைத்துப்போட்ட கதையைப் பேராக் பிள்ளைகள் பள்ளியிலேயே கேட்டிருப்பார்கள். ஈப்போ நிலையத்துக்கு யானைத் தொல்லை இல்லை. உலகப் போர்த் தொல்லை. 1914-இல் தொடங்கிய வேலை, முதல் உலகப் போரின் தட்டுப்பாடுகளில் இழுபட்டு 1917-இல்தான் முடிந்தது.

இவ்வளவு பெரிய மாளிகை ஈப்போவுக்கு எதற்கு? ஈயம். கிந்தா பள்ளத்தாக்கின் ஈயத்தைத் துறைமுகத்துக்குக் கொண்டுபோகத்தான் 1890-களில் இங்கே முதலில் தண்டவாளம் வந்தது. அது தெலுக் அன்சனுக்கு, அதாவது இன்றைய தெலுக் இந்தானுக்கு இறங்கிய பாதை. பின்னால் கித்தாவும் சேர்ந்துகொண்டது. ஈயமும் கித்தாவும் கொட்டிய பணம்தான் அந்தக் குவிமாடம். அந்தப் பணத்துக்காக லம்பத்திலும் வெட்டுக்காட்டிலும் வியர்வை சிந்தியவர்களில் பலர், மூன்றாம் வகுப்புப் பெட்டியில் ஏறுவதற்கு மட்டுமே இந்த வாசலுக்கு வந்திருப்பார்கள்.

நம் ஆட்களுக்கும் இந்தப் பாதைக்கும் உள்ள உறவு இதைவிடப் பழையது. மலாயாவின் முதல் இரயில் 1885 ஜூன் 1-ஆம் தேதி தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு ஓடியது. வெறும் 13 கிலோமீட்டர் தூரம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள் ஸ்டேசன் மாஸ்டர்களாகவும் கிராணிகளாகவும் உட்கார்ந்தார்கள். தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் சரளைக் கல்லையும் கட்டைகளையும் சுமந்தார்கள். போர்ட் வெல்டின் இன்றைய பெயர் கோலா செபெத்தாங். அங்கே இப்போது தண்டவாளம் கிடையாது. ஆனால் பழைய பெயர்ப்பலகை நிற்கிறது: ஆங்கிலம், ஜாவி, சீனம், அதோடு தமிழ். இறால் மீ சாப்பிடப் போகிறவர்கள் அந்தப் பலகை முன் ஒரு நிமிடம் நின்று படம் எடுத்துக்கொள்ளாமல் திரும்பாதீர்கள்.

இன்னொரு உறவையும் சொல்லாமல் நகர முடியாது. 1942-43-இல் ஜப்பானியர் சயாம்-பர்மா பாதைக்கு ஆள் பிடித்தபோது, மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் ஏற்றப்பட்டதும் இரயிலில்தான். 415 கிலோமீட்டர் பாதை. போனவர்களில் பெரும் பகுதியினர் திரும்பவில்லை. அந்தப் பாதைக்காக நம் கிழக்குக் கரைத் தண்டவாளத்தையே பெயர்த்துக்கொண்டு போனார்கள். வானொலி நிகழ்ச்சி ஒன்றில் ‘உங்கள் முதல் இரயில் பயணம்’ என்று கேட்டபோது, இளையவர்கள் ஜன்னல் ஓர இருக்கையைப் பற்றிப் பேசினார்கள். வயதான ஓர் அம்மா மட்டும், தன் தகப்பனார் ஏறிய இரயிலைப் பற்றிச் சொன்னார். அவர் ஏறியதைத்தான் குடும்பம் பார்த்தது. இறங்கியதைப் பார்த்தவர் யாரும் இல்லை. அடுத்து என்ன பாட்டுப் போடுவது என்று எனக்குத் தெரியவில்லை.

சரி, பழைய நிலையத்தில் புதிய இரயில் ஓட என்ன செய்ய வேண்டும்? சுவருக்கு வெள்ளை அடித்தால் போதாது. மின்சார இரயிலுக்குத் தலைக்கு மேல் 25,000 வோல்ட் கம்பி ஓட வேண்டும். அதற்குப் பழைய கூரைகளும் தாழ்வான பாலங்களும் இடம் கொடுக்காது. மேடை உயர வேண்டும். வளைவுகள் நிமிர வேண்டும். ஒற்றைப் பாதை இரட்டையாக வேண்டும். ரவாங்கிலிருந்து ஈப்போ வரை இந்த வேலை நடந்தபோது வழியில் இருந்த பல சிறிய நிலையங்களின் பழைய முகம் போய்விட்டது. ஒரு பெஞ்சு, ஒரு மணி, ஒரு கொய்யா மரம் என்று இருந்த இடங்களில் இன்று ஒரே அச்சில் வார்த்த மேம்பாலமும் மின்தூக்கியும் நிற்கின்றன. வசதியானவை, மறுக்கவில்லை. ஆனால் கண்ணை மூடித் திறந்தால் எந்த ஊரில் நிற்கிறோம் என்று பெயர்ப்பலகையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஈப்போ தப்பித்தது. ஹப்பாக்கின் கட்டடத்தை முன்னால் அப்படியே விட்டுவிட்டு, பின்னால் மேடைகளையும் கூரையையும் நடைமேம்பாலத்தையும் புதிதாக அமைத்தார்கள். 2010 ஆகஸ்டில் இடிஎஸ் ஓடத் தொடங்கியது. ஒரு மீட்டர் அகலமே உள்ள பாதையில் மணிக்கு 140 கிலோமீட்டர் வேகம். கோலாலம்பூருக்குச் சுமார் இரண்டரை மணி நேரம். ஈப்போவிலிருந்து வடக்கே பாடாங் பெசார் வரை 329 கிலோமீட்டர் இரட்டைப் பாதை முடிந்து, 2015-இல் இடிஎஸ் எல்லை வரைக்கும் போனது.

இளையவர்கள் வேகத்தைப் பேசுவார்கள். நான் மேடையின் உயரத்தைப் பேசுவேன். முன்பெல்லாம் பாட்டிமார்களை இரயில் ஏற்றுவது ஒரு குடும்பப் போராட்டம். கீழிருந்து ஒருவர் தள்ள, மேலிருந்து ஒருவர் இழுக்க, நடுவில் புடவையைப் பிடித்துக்கொண்டு பாட்டி எல்லாரையும் திட்ட… இப்போது மேடையும் பெட்டியின் தரையும் கிட்டத்தட்ட ஒரே மட்டம். சக்கர நாற்காலி உருண்டு உள்ளே போகிறது. நூறாண்டைத் தாண்டிய கட்டடத்தின் வழியாக நடந்து வந்து, மூட்டு வலிக்காரர் ஒருவர் யார் கையையும் பிடிக்காமல் இரயில் ஏறுகிறார். புதுப்பித்தல் என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அதுதான்.

தண்டவாளத்தில் பல ஆண்டுகள் வேலை செய்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவரை மேடை பெஞ்சில் சந்தித்தேன். பேத்தியை வழியனுப்ப வந்திருந்தார். “நீங்க ரேடியோல பேசுற பொண்ணுதானேம்மா? குரலை வச்சே கண்டுபிடிச்சேன்” என்றார்.

“ஆமாங்க ஐயா. அந்தக் காலத்து வேலை எப்படி இருந்துச்சு?”

“விடியக்காலையில சுத்தியலைத் தூக்கிக்கிட்டு நடக்கணும்மா. ஆணி, ஆப்பு எல்லாம் தட்டிப் பார்த்துக்கிட்டே போவோம். சத்தத்துலயே தெரிஞ்சிடும், இறுகி இருக்கா தளர்ந்து இருக்கான்னு. வெயில் ஏறுனா இரும்பு நீளும். அதுக்குத்தான் ரெண்டு தண்டவாளத்துக்கு நடுவுல சந்து விடுறது. அந்தச் சந்துலதான் ‘தடக் தடக்’ வரும். இப்போ எல்லாத்தையும் ஒண்ணா ஒட்ட வச்சிட்டாங்க. கட்டையும் சிமெண்டு. சத்தமே இல்லை.”

சத்தத்தை வைத்துப் பிழைக்கும் எனக்கு இது சுருக்கென்று தைத்தது. வானொலி நாடகத்தில் இரயில் வர வேண்டும் என்றால் நாங்கள் இன்றும் அந்தத் ‘தடக் தடக்’ ஒலியைத்தான் போடுகிறோம். வீட்டில் கேட்கிற பத்து வயதுப் பிள்ளை அதை எந்த இரயிலில் கேட்டிருக்கும்?

பழைய நிலையங்களுக்கு வேறு முடிவுகளும் உண்டு. கோலாலம்பூரின் பழைய நிலையம் ஈப்போவைவிடப் பெரியது, அழகிலும் குறைந்ததில்லை. 2001-இல் கேஎல் சென்ட்ரல் வந்ததும் தொலைதூர இரயில்கள் அங்கே போய்விட்டன. இப்போது கொம்யூட்டர் நின்று செல்கிறது. பகலில் போனால்கூட உங்கள் காலடி ஓசை உங்களுக்கே கேட்கும். சிங்கப்பூரின் தஞ்சோங் பகார் நிலையம் 1932-இல் திறக்கப்பட்டது. 2011 ஜூன் 30-ஆம் தேதி இரவு, ஜொகூர் சுல்தான் கடைசி இரயிலை ஓட்டிச் சென்றதோடு அங்கே இரயில் நின்றது. அதைத் தேசிய நினைவுச் சின்னமாக்கிப் பத்திரப்படுத்தினார்கள். அதன் அடியில் எம்ஆர்டி நிலையம் கட்டினார்கள். கட்டடம் பிழைத்தது. ஆனால் அந்த மண்டபத்தில் சூட்கேசின் மேல் உட்கார்ந்து மலாயா இரயிலுக்குக் காத்திருக்க இனி முடியாது.

சென்னை எழும்பூரில் வேறு கதை. 1908-இல் திறந்த, ஹென்றி இர்வின் வடிவமைத்து, சாமிநாதப் பிள்ளை என்ற ஒப்பந்தக்காரர் கட்டிய சிவப்புக் கட்டடத்தை நடுவில் வைத்துக்கொண்டு, இருபுறச் சாலைகளிலும் புதிய முனையங்களை எழுப்பச் சுமார் 735 கோடி ரூபாய்த் திட்டம். முன்னோர் ஊரைத் தேடிப் போகும் நம் மலேசியக் குடும்பங்கள் பலவும் தெற்கே செல்ல இரயில் ஏறும் இடம் அது. பழையதை இடிக்காமல், ஓட்டத்தையும் நிறுத்தாமல் செய்வது எவ்வளவு சிக்கல் என்று அங்கே போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

ஈப்போவிலும் வேலை முடிந்துவிடவில்லை. நிலையத்தின் மாடியில் மெஜஸ்டிக் ஹோட்டல் இருந்தது. இரயிலில் வந்தவர் மாடி ஏறினால் படுக்கை; வராந்தாவில் பிரம்பு நாற்காலி; எதிரே நகர மண்டபம். அது மூடப்பட்டுப் பல ஆண்டுகள் ஆகின்றன. கீழே கூட்டம், மேலே இருட்டு. ஆள் புழங்காத தளத்தில் முதலில் குடியேறுவது மழைநீர், அடுத்தது புறா. எவ்வளவு பெயிண்ட் அடித்தாலும் அது உள்ளிருந்து தின்னும். ஹோட்டலாகத்தான் திறக்க வேண்டும் என்பதில்லை. நூலகமோ, இரயில் அருங்காட்சியகமோ, வாடகை குறைந்த சிறு அலுவலகங்களோ, எதுவானாலும் மின்விளக்கு எரிந்தால் போதும். அருங்காட்சியகம் என்றால் பெஞ்சுப் பெரியவரின் சுத்தியலுக்கும் அதில் ஓர் இடம் வேண்டும்.

‘ஈப்போ சென்ட்ரல்’ என்ற பெயரில் நிலையத்தைச் சுற்றிப் பெரிய மேம்பாடு வரும் என்ற பேச்சும் சில ஆண்டுகளாக இருக்கிறது. வரட்டும், வேலை வாய்ப்பு வந்தால் நல்லதுதான். எனக்கு ஒரே கவலை, குவிமாடத்துக்குப் பின்னால் வானம் மிஞ்ச வேண்டும். முகப்பை மட்டும் விட்டுவைத்து, முதுகில் அடுக்குமாடியை நிறுத்தினால் அது கல்யாண மண்டப வாசலில் வைக்கும் அட்டை அரண்மனை போல ஆகிவிடும்.

அதைவிட அவசரமான ஒன்று இருக்கிறது. இரயில் இரண்டரை மணி நேரத்தில் கொண்டுவந்து விடுகிறது. இரவில் அங்கிருந்து சிம்பாங் பூலாய்க்கு வருவதற்குத்தான் திண்டாட்டம். தொலைதூர பஸ்கள் நகரின் வடக்கே மேருவிலுள்ள அமான்ஜெயா முனையத்தில். உள்ளூர் பஸ்கள் மேடான் கிட்டில். மூன்றும் மூன்று திசை. கார் இருக்கும் வீட்டுப் பிள்ளைக்கு அப்பா வருவார். இல்லாத வீட்டுப் பிள்ளை கைப்பேசியில் கிரேப் கட்டணம் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு வராந்தாவில் நிற்கும். கடைசி இரயிலுக்கு ஏற்ப ஒரு பஸ் கோப்பெங் சாலையில் ஓடினால், அந்த அழகான வளைவுகளுக்கு இன்னும் நிறையப் பேர் சொந்தக்காரர்கள் ஆவார்கள்.

பிள்ளைகளோடு போகிறவர்கள் அரை மணி நேரம் முன்னதாகவே போய்விடுங்கள். நிலையத்துக்கு முன்னால் தோட்டத்தில் ஈப்போ மரம் நிற்கிறது. அதன் பாலில் நச்சு உண்டு. ஒராங் அஸ்லி மக்கள் ஊதுகுழல் அம்புகளில் தடவியது அதைத்தான். ஊருக்குப் பெயர் கொடுத்ததும் அந்த மரம்தான். பக்கத்தில் போர் நினைவுத் தூண். பசித்தால் லகாட் சாலைப் பக்கம் லிட்டில் இந்தியா கூப்பிடு தூரம். வாழை இலைச் சாப்பாட்டுக்குப் பிறகு இரயில் ஏறினால் சுங்கை சிப்புட் வருவதற்குள் தூக்கம் வந்துவிடும். தீபாவளிக்கு ஊர் வர நினைக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை: இடிஎஸ் டிக்கெட் பண்டிகைக் காலத்தில் சீக்கிரம் தீர்ந்துவிடும். விற்பனை திறந்த அன்றே எடுத்துவிடுங்கள், திரும்பும் டிக்கெட்டையும் சேர்த்து.