பாதியாக்கும் பலகை

மான்செஸ்டரில் ரயிலேறி லண்டன் திசையில் முக்கால் மணி நேரம் போனால் ஸ்டோக்-ஆன்-ட்ரென்ட். சுற்றுலாப் பயணிகள் அதிகம் இறங்காத ஸ்டேஷன். இறங்குகிறவர்களுக்குக் காணக் கிடைப்பவை கறுத்த செங்கல் சுவர்கள், மூடிக் கிடக்கும் பீங்கான் தொழிற்சாலைகள், வயிறு பெருத்துக் கழுத்து ஒடுங்கி ராட்சத பாட்டில்களைப் போல நிற்கும் பழைய சூளைகள். ஆறு ஊர்கள் 1910-ல் இணைந்து உருவான நகரம் இது. ஒரு காலத்தில் உலகின் பல மூலைகளுக்கும் தேநீர்க் கோப்பைகள் இங்கிருந்துதான் போயின. நிலக்கரிச் சூளைகளின் காலத்தை 1956-ம் ஆண்டின் தூய காற்றுச் சட்டம் முடித்துவைத்தது. மிஞ்சியிருக்கும் சூளைகள் ஐம்பதுக்கும் குறைவு.

ஊரின் மற்றொரு பெருமை கோப்பையில் அடங்காதது. டார்ட்ஸ் ஆட்டத்தில் 16 முறை உலக சாம்பியன் பட்டம் வென்ற ஃபில் டெய்லர் இந்த ஊர்க்காரர். கழிவறைச் சங்கிலிகளுக்குப் பீங்கான் கைப்பிடி செய்யும் வேலையில் இருந்தவர். ஐந்து முறை உலக சாம்பியனான எரிக் பிரிஸ்டோ அவருக்குப் பண உதவி செய்து ஆட வைத்தார். 1990 உலகப் போட்டியின் இறுதி ஆட்டத்தில் டெய்லர் அதே பிரிஸ்டோவை 6-1 என்று தோற்கடித்தார். நன்றிக்கடனை இப்படித்தான் தீர்க்க வேண்டுமா என்று பிரிஸ்டோவின் ரசிகர்கள் கேட்டிருக்கக்கூடும்.

இந்த ஆட்டத்தின் பிறந்த வீடு பப். தரையிலிருந்து பலகையின் நடுப்புள்ளி வரை 1.73 மீட்டர் உயரம். எறிபவர் நிற்க வேண்டிய கோடு 2.37 மீட்டர் தள்ளி. பக்கத்தில் ஒரு சிலேட்டு, சாக்பீஸ். தொலைக்காட்சியில் காட்டப்படுவது 501 என்ற எண்ணிலிருந்து கழித்துக்கொண்டே வந்து பூஜ்யத்தில் முடிக்கும் ஆட்டம். 2025 ஜனவரியில் லண்டனின் அலெக்ஸாண்ட்ரா பேலஸில் 17 வயது லூக் லிட்லர் உலகப் பட்டமும் 5 லட்சம் பவுண்டும் வென்றது அதில்தான். ஆனால் போட்டி இல்லாத மாலைகளில், நாலு பேர் கூடி ஆளுக்கொரு நாணயத்தை மேஜையில் வைத்து ஆடுவதற்கென்று பிரிட்டிஷ் பப்கள் வளர்த்து வைத்திருக்கும் ஆட்டங்கள் வேறு. அவற்றில் ஈவிரக்கமற்றது 'ஹாவ் இட்'. 'பாதியாக்கு' என்று பொருள்.

விதி எளிது. இலக்குகளை முன்கூட்டியே வரிசையாகச் சிலேட்டில் எழுதிவிடுவார்கள். முதலில் 20, பிறகு 16, பிறகு ஏதேனும் ஒரு டபுள், பிறகு 17, ஏதேனும் ஒரு ட்ரெபிள், கடைசியில் நடுப்புள்ளியான புல் என்பது போல. வரிசை பப்புக்குப் பப் மாறும். மூன்றே டார்ட்டில் சரியாக 41 எடு என்று ஒரு சுற்றைச் செருகும் குரூரர்களும் உண்டு. ஒவ்வொருவருக்கும் ஒரு சுற்றில் மூன்று எறிதல். இலக்கில் பட்டவை மட்டும் கணக்கில் சேரும். மூன்றும் தவறினால் அதுவரை சேர்த்ததில் பாதி போய்விடும். பின்னம் வந்தால் மேலா கீழா என்பதை முதலிலேயே பேசிக்கொள்வது நல்லது. பல சண்டைகள் அந்த அரைப் புள்ளியில் தொடங்குகின்றன.

200 புள்ளி வைத்திருப்பவர் தவறினால் 100 போகும். 40 வைத்திருப்பவர் தவறினால் 20 மட்டுமே. ஒரே தவறு, அபராதம் ஐந்து மடங்கு. வருமானத்துக்கு ஏற்ப வரி என்பதுபோல, திறமைக்கு ஏற்ப தண்டனை. முன்னணியில் இருப்பவரின் கைதான் நடுங்கும். மூன்று மணி நேரமாகக் குடித்துக்கொண்டிருக்கும் கத்துக்குட்டிக்கும் இதில் வாய்ப்பு இருப்பதால்தான் எல்லோரும் ஆட வருகிறார்கள்.

501-ல் புழங்கும் தந்திரங்கள் இங்கே பல இடங்களில் கைகொடுக்காது. டார்ட்ஸ் பலகையில் 20-க்கு இருபுறமும் 5, 1 என்ற அற்ப எண்களை வைத்திருக்கிறார்கள், குறி தவறினால் தண்டிக்க. அதனால் சாதாரண ஆட்டக்காரர்கள் 12, 9, 14, 11, 8, 16 என்று ஓரளவு நல்ல எண்கள் அடுத்தடுத்து வரும் இடப்பக்கம் எறிவார்கள். எங்கே விழுந்தாலும் ஏதோ கிடைக்கும். 'கல்யாணமானவன் பக்கம்' என்று அதற்குப் பப்களில் பெயர். ஹாவ் இட்டில் அந்தக் குடும்பப் பாதுகாப்பு கிடையாது. 14 கேட்டால் 14 வேண்டும். பக்கத்து வீட்டு 11 உதவாது.

ஆக, முதல் டார்ட் உயிர் பிழைக்க. எண்ணின் கட்டத்தில் ட்ரெபிள் வளையம் இருக்கும் இடத்தின் அகலம் சுமார் 32 மில்லிமீட்டர். அதற்கு வெளியே, டபுளுக்கும் ட்ரெபிளுக்கும் நடுவில், 40-ஐத் தாண்டுகிறது. பேராசைக்காரர் முதல் டார்ட்டையே ட்ரெபிளுக்கு எறிவார். விவரமானவர் அந்த அகலமான இடத்தில் ஒன்றைக் குத்தி உயிரைக் காப்பாற்றிக்கொண்டு, மிச்ச இரண்டை ட்ரெபிளுக்கு விடுவார். இரண்டுக்கு ஒன்று குறி பிசகாத ஆட்டக்காரருக்கு மூன்றும் தவற எட்டில் ஒரு வாய்ப்புத்தான்.

'ஏதேனும் ஒரு டபுள்' சுற்று வந்தால் நிலைமை தலைகீழ். டபுள் வளையத்தின் தடிமன் 8 மில்லிமீட்டர். நாலுக்கு ஒன்று குத்தக்கூடியவரே மூன்றையும் தவறவிடும் வாய்ப்பு 42 சதவீதம். இங்கேதான் தன்னைத் தெரிந்துகொள்வது உதவும். மேலே 20-லும் கீழே 3-லும் வளையம் படுத்துக் கிடக்கிறது. பக்கவாட்டில் விலகினாலும் அடுத்த எண்ணின் டபுளில் விழும், அதுவும் செல்லும். வலப்பக்கம் 6-லும் இடப்பக்கம் 11-லும் வளையம் நின்றுகொண்டிருக்கிறது. மேலே கீழே விலகினாலும் மன்னிக்கும். விடும் தருணம் முந்திப் பிந்திப் போவதால் டார்ட் மேலும் கீழுமாகப் போகிற கை என்றால் 6 அல்லது 11. இடம் வலமாகச் சிதறும் கை என்றால் 20. டபுள் 6-க்குக் கிடைப்பது வெறும் 12 புள்ளிதானே என்று முகம் சுளிப்பவர், அது கையிலிருக்கும் 150-ல் 75-ஐக் காப்பாற்றுகிறது என்பதை மறந்துவிடுகிறார். புள்ளி குறைவாக இருப்பவர் டபுள் 20-க்கே போகலாம். இழக்க அவரிடம் என்ன இருக்கிறது?

யார் கடைசியில் எறிவது என்பதும் முக்கியம். ஆரம்பத்தில் புல்லுக்கு அருகில் எறிந்தவருக்கு முதல் வாய்ப்பைத் தருவது வழக்கம். 501-ல் அது வரம், இங்கே சாபம். கடைசியில் எறிபவருக்கு மற்றவர்களின் கணக்கு முழுவதும் சிலேட்டில் தெரியும், எவ்வளவு துணியலாம் என்றும் தெரியும்.

அந்தக் கடைசிச் சுற்றின் புல், 32 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டம். வெளியே 25, உள்ளே ஒரு கோலிக்குண்டு அளவு இடத்தில் 50. 240 புள்ளியுடன் வந்து மூன்றையும் விட்டவருக்கு 120. 110-உடன் வந்து வெளிவட்டத்தில் ஒன்றைக் குத்தியவருக்கு 135. மாலை முழுதும் முன்னால் இருந்தவர் பாக்கெட்டைத் தடவிக்கொண்டு பார் கவுண்டருக்குப் போவார்.

கை நின்றுபோகும் பயம் இந்த ஊருக்குப் புதிதல்ல. பிரிஸ்டோவுக்கே 1980-களின் பிற்பகுதியில் டார்ட்டை விரல்கள் விட மறுக்கும் நிலை வந்தது. 'டார்ட்டைட்டிஸ்' என்று வியாதி போலப் பெயர் வைத்தார்கள். பழைய வேகத்துக்கு அவர் திரும்பவே இல்லை. 2018-ல் இறந்தார்.

தோற்றவர்களுக்கு ஸ்டோக்கில் ஒரு ஆறுதல் உண்டு. காலையில் ஓட்கேக் கடைகள் சீக்கிரமே திறந்துவிடும். ஓட்ஸ் மாவைக் கரைத்துக் கல்லில் ஊற்றி, பாலாடைக்கட்டி தூவிச் சுருட்டித் தருவார்கள். பார்த்தால் நம் தோசைதான். சட்னி கேட்காமல் இருந்தால் போதும்.