இரண்டேகால் மணிக்குப் பத்து பிரேம்

திங்கள், இரவு

சிகந்தராபாதில் பதிவு செய்த கச்சேரியின் வீடியோ இன்று முழுதாக ரெண்டர் ஆகி வந்தது. வர்ணத்தில் பாடகியின் கை தொடையில் விழும் இடத்தில் மிருதங்கச் சொல் கச்சிதமாக உட்காருகிறது. தனி ஆவர்த்தனத்திலோ சொல் முதலில் கேட்கிறது, விரல் பிறகு விழுகிறது. சபா செயலாளர் மாமா போனில் கேட்டார்: "சிங்க் போயிடுத்துப்பா. சத்தத்தைக் கொஞ்சம் பின்னாடி தள்ளினாப் போறாதா?"

போதாது, மாமா. தள்ளினால் மங்களம் சரியாகும், வர்ணம் கெடும்.

செவ்வாய்

கத்தரிக்கோலை எடுக்கும் முன் அளவுகோலை எடுக்க வேண்டும். தொடக்கத்தில் இடைவெளி இல்லை. நடுவில் ஒலி 5 பிரேம் முந்துகிறது, முடிவில் 10. சீராக வளர்கிற பிழை. எங்கும் ஒரே அளவாக இருந்தால் எதுவோ தாமதமாகத் தொடங்கியது என்று பொருள். வளர்ந்துகொண்டே போனால் இரண்டு கடிகாரங்கள் ஒத்துப்போகவில்லை.

எவ்வளவு வளர்ந்தது என்பதே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். நொடிக்கு 44,100 சாம்பிளில் பதிந்ததை 48,000 என்று மென்பொருள் தவறாகப் படித்திருந்தால் இரண்டேகால் மணிக் கச்சேரி 11 நிமிடம் சுருங்கியிருக்கும். சுருதியும் ஏறக்குறைய ஒன்றரை ஸ்வரஸ்தானம் ஏறி, வாசலில் நிற்பவருக்கே தெரிந்திருக்கும். 24 பிரேமுக்கும் 23.976-க்கும் குழப்பம் என்றால் 8 நொடி. எனக்கு வந்திருப்பது நொடிக்கு 25 பிரேம் கணக்கில் 10 பிரேம், அதாவது 0.4 நொடி. 8,100 நொடியில் 0.4 என்பது பத்து லட்சத்துக்கு 50. இது குவார்ட்ஸ் படிகங்களின் வேலை. ரெக்கார்டருக்கு ஒரு படிகம், கேமராவுக்கு ஒன்று. அவரவர் நொடி அவரவருக்கு.

பாட்டு, வயலின், மிருதங்கத்தின் இரு பக்கம், கடம், தம்புரா, அரங்குக்கு இரண்டு என எட்டு டிராக்கும் ஒரே ரெக்கார்டரில் ஓடியவை. அதனால் அவற்றுக்குள் சண்டை இல்லை.

புதன்

ஓரத்திலிருந்து போனில் எடுத்த காட்சி தனி வழக்கு. அதில் பிழை ஒரு பாட்டில் வளர்கிறது, அடுத்ததில் நிற்கிறது. வெளிச்சம் குறைந்தால் பல போன்கள் பிரேம் எண்ணிக்கையைத் தாமே குறைத்துக்கொள்ளும். அந்தக் கோப்பை முதலில் நிலையான 25-க்கு மாற்றிவிட்டுத்தான் டைம்லைனில் போட்டேன்.

முன்னோட்டமாக அனுப்பிய துணுக்கில் மட்டும் ஒலி தொடக்கம் முதல் ஒரு பிரேம் பின்தங்கியிருந்தது. காரணம் ஏஏசி என்னும் ஒலிச் சுருக்க முறை. பல என்கோடர்கள் ஒலிக்கு முன்னால் 2,112 சாம்பிள் வெற்றிடம் சேர்க்கும். 48,000-இல் அது 44 மில்லி நொடி. அதைக் கழிக்கத் தெரியாத மென்பொருளில் அப்படியே தங்கிவிடும். எடிட்டிங் முடியும்வரை இனி வேவ் கோப்பு மட்டுமே.

ஒரு பிரேமுக்கு இத்தனை கவலையா? சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் 1998-ஆம் ஆண்டுப் பரிந்துரைப்படி, ஒலி 45 மில்லி நொடி முந்தினாலே கண்ணுக்கு உறுத்தும். பிந்தினால் 125 வரை பொறுக்கும். வெளிச்சம் முந்தி ஒலி பிந்துவதுதான் உலக வழக்கம். பிரசாத்ஸ் தியேட்டரின் பெரிய திரையைக் கடைசி வரிசையிலிருந்து பார்ப்பவருக்கும் வசனம் சற்றுப் பிந்தியே வருகிறது, ஏறக்குறைய 14 மீட்டருக்கு ஒரு பிரேம். யாரும் டிக்கெட் பணத்தைத் திருப்பிக் கேட்பதில்லை. என் ரெண்டரில் ஒலி முந்துவதால் பதினைந்தாவது நிமிடத்திலேயே கூர்மையான கண் பிடித்துவிடும்.

வியாழன்

எதை மாற்றுவது? படத்தைச் சுருக்கினால் எங்காவது ஒரு பிரேம் விடுபடும், ராகம் இழுக்கும் கை வெட்டி இழுக்கும். ஒலிக்கு அந்தத் தொல்லை இல்லை. மிக்ஸை முடித்து ஒரே கோப்பாக்கி, 0.4 நொடி நீட்டினேன். சுருதியை நிலைநிறுத்தி நீட்டும் கருவியைத் தொடவில்லை. அது மிருதங்கத்தின் 'தீம்' விளிம்பை மழுக்கிவிடும். எளிய ரீசாம்பிளிங் போதும். அதில் சுருதி இறங்குவது ஒரு ஸ்வரஸ்தானத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு; தம்புராவுக்கே தெரியாது.

ஒன்றை மட்டும் திருத்தவில்லை. பாடகியின் மைக்கில் விழும் மிருதங்க ஒலி, ஒன்றரை மீட்டர் கடந்து வருவதால், 4 மில்லி நொடி பிந்துகிறது. அது பிழையல்ல, மேடையின் அகலம்.

வெள்ளி

இங்கே படப்பிடிப்புகளில் ஷாட்டின் முடிவில் கிளாப் பலகையைத் தலைகீழாகப் பிடித்து அடிப்பதுண்டு. தொடக்கத்தில் அடித்தது இடத்தைத்தான் சொல்லும். முடிவில் அடித்தால்தான் ஓட்டத்தின் வேகம் தெரியும். டைம்கோடு பெட்டி வாங்கினாலும் அது நேரத்தை எழுதிவைக்கும், அவ்வளவே. படிகங்களை ஒரே நடையில் ஓட்ட வேர்டு கிளாக் இணைப்பு வேண்டும். வாடகை கட்டுப்படியாகாத சபாவுக்கு இரண்டு கைத்தட்டல் போதும். மாமா தயங்கினார்: "மங்களம் ஆனப்புறம் மேடையில நின்னு தட்டுவியா?"

"சபையே தட்டத்தான் போறது மாமா. அதுக்கு ஒரு நொடி முன்னாடி நான் தட்டிக்கறேன்" என்றேன்.