பின்னால் நிற்பவர்கள்

ஆடி மாதம் கல்யாண மண்டபங்கள் பூட்டிக் கிடக்கும். ஆல்பம் டிசைன் செய்கிறவர்களுக்கோ அப்போதுதான் மூச்சு முட்டும். வைகாசியிலும் ஆனியிலும் நடந்த கல்யாணங்கள் ஹார்டு டிஸ்க்கில் வரிசை கட்டி நிற்க, ஆவணி முகூர்த்தம் தொடங்குவதற்குள் அத்தனையும் பிரிண்டுக்குப் போயாக வேண்டும். மதுரை டவுன் ஹால் ரோட்டை ஒட்டிய சந்து ஒன்றில், மாடியறையில் அந்த அவசரத்துக்கு நடுவே போய் உட்கார்ந்தேன். பார்க்கப் போனது ஒரே ஒரு வேலையை. ஆளை மட்டும் பளிச்சென்று விட்டுவிட்டு, பின்னால் இருப்பதை மங்கலாக்குவது. "பி.ஜி. ப்ளர் அடிச்சாச்சா?" என்பதுதான் அந்த அறையில் அதிகம் காதில் விழுந்த கேள்வி.

இந்த வேலை ஏன் இவ்வளவு சேர்கிறது என்பதற்குக் காரணம் உண்டு. இப்போது கல்யாணத்துக்கு இரண்டு வகைப் போட்டோகிராபர்கள் வருகிறார்கள். கேண்டிட் எடுப்பவர் 85 எம்.எம். லென்ஸை 1.8 துளையில் வைத்து எடுத்தால், பின்னணி கேமராவிலேயே கரைந்துவிடும். டிரெடிஷனல் எடுப்பவருக்கு அது ஆகாது. மேடையில் நிற்கும் பத்துப் பேர் முகமும் தெளிவாக விழ வேண்டும் என்று துளையைச் சுருக்கி, ஃபிளாஷ் அடிக்கிறார். முகங்களோடு பெடஸ்டல் ஃபேன், பிளாஸ்டிக் நாற்காலி, வீடியோ லைட் பிடித்த பையன், மண்டபத்து ஸ்விட்ச் போர்டு எல்லாமே தெளிவாக விழுந்துவிடுகின்றன.

எனக்குக் காட்டிய டிசைனருக்கு முப்பது வயது இருக்கும். திரையில் ஒரு மணப்பெண், அரக்குச் சேலையில். "ஜிமிக்கியப் பாருங்க சார். வளையத்துக்கும் கழுத்துக்கும் நடுவுல சின்னதா ஒரு சந்து இருக்கில்ல? அதுக்குள்ளயும் பின்னாடி இருக்கிற சுவர்தான் தெரியுது. அதையும் வெட்டி எடுத்து மங்கலாக்கணும். புதுசா வர்றவங்க விட்டுடுவாங்க. கைக்கும் இடுப்புக்கும் நடுவுலயும் இப்படித்தான்." பென் டூலால் புள்ளி புள்ளியாக வைத்து, சேலை மடிப்பைச் சுற்றி வந்தார். படத்தை அத்தனை பெரிதாக்கியிருந்ததால் என் கண்ணுக்கு அது சேலையாகவே தெரியவில்லை, ஏதோ சிவப்பு மேடு பள்ளம்.

போட்டோஷாப்பில் ஆளைத் தானாகத் தேர்ந்தெடுக்கும் வசதி 2018இலேயே வந்துவிட்டது. ஒரு சொடுக்கில் முக்கால் வேலை முடிகிறது என்று அவரே சொன்னார். மிச்சக் கால்தான் சம்பளம் வாங்கித் தருகிறது. வெள்ளைச் சுவருக்கு முன்னால் தொங்கும் மல்லிகைச் சரத்தில் பூ எங்கே முடிந்து சுவர் எங்கே ஆரம்பிக்கிறது என்று அதற்குத் தெரிவதில்லை. ஹோமப் புகை இன்னும் மோசம். அது மணமக்களுக்கு முன்னாலும் இருக்கிறது, பின்னாலும் இருக்கிறது.

வெட்டியதும் ப்ளர் அடித்துவிடுவார் என்று நினைத்துக் காத்திருந்தேன். இல்லை. லேயரை இரண்டாக்கி, கீழ் லேயரிலிருந்து மணப்பெண்ணையே அழித்தார். அவள் நின்ற இடத்தைச் சுவரும் திரைச்சீலையும் கொண்டு நிரப்பிய பிறகுதான் ப்ளர். ஏன் என்று கேட்டதற்கு, அப்படிச் செய்யாமலே ஒருமுறை அடித்துக் காட்டினார். சேலையின் சிவப்பு, சாயம் போன துணியிலிருந்து கசிவது போலச் சுவரில் இறங்கி, தோளைச் சுற்றி ஓர் ஒளிவட்டமாக நின்றது. கல்யாண ஆல்பங்களில் நான் எத்தனையோ முறை பார்த்து, ஏதோ தெய்வீக எஃபெக்ட் என்று எண்ணிய வட்டம் அதுதான்.

அடுத்தது தரை. பின்னணி முழுவதையும் ஒரே அளவில் மங்கலாக்கினால் ஆள் அந்தரத்தில் மிதப்பார். காலடியில் தரை தெளிவாக இருந்து, தள்ளிப்போகப் போகத்தான் மங்க வேண்டும். அதற்காக மாஸ்க்கில் கறுப்பிலிருந்து வெள்ளைக்கு ஒரு கிரேடியன்ட் இழுக்கிறார். கடைசியாக, ப்ளர் வழவழப்பாக்கிய பகுதியில் மட்டும் கொஞ்சம் நாய்ஸ் தூவுகிறார். முன்னால் நிற்பவர் மேல் புள்ளி தெரிந்து, பின்னணியில் தெரியாவிட்டால் ஒட்டுவேலை காட்டிக்கொடுத்துவிடும்.

எந்த ப்ளர் என்பதிலும் விஷயம் இருக்கிறது. ஜெர்மன் கணித மேதை காஸ் பெயரில் உள்ள காஸியன் ப்ளர், ஒவ்வொரு புள்ளியின் நிறத்தையும் அக்கம்பக்கத்துப் புள்ளிகளோடு கலந்து சராசரி எடுக்கிறது. கிட்டே இருப்பதற்குப் பங்கு அதிகம், எட்ட இருப்பதற்குக் குறைவு. சீரியல் பல்புகளை இதில் போட்டால் அழுக்குத் திட்டாகிவிடுகின்றன. உண்மையான லென்ஸில் ஃபோகஸ் தப்பிய பல்பு, துளையின் வடிவத்தில் வட்டமாக விரியும். லென்ஸ் ப்ளர் அதைப் போலச் செய்கிறது, நேரம்தான் கூடுதலாகப் பிடிக்கும். "பல்பு இருந்தா லென்ஸ், வெறும் சுவர்னா காஸியன்" என்று முடித்துவிட்டார்.

மூலையில் இருந்த மூத்தவர் நெகட்டிவ் காலத்து ஆள். அன்றைக்கு ப்ளரெல்லாம் ஏது என்று சிரித்தார். நெகட்டிவில் ஆளைச் சுற்றிச் சிவப்புச் சாயத்தைப் பிரஷ்ஷால் பூசிவிடுவார்களாம். அந்த இடத்தில் வெளிச்சம் புகாது, பிரிண்டில் பின்னணி வெள்ளையாகிவிடும். பிரஷ் மீசைக்குள் இறங்கிவிட்டால் மீசை போயிற்று.

இந்த அறையில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. பின்னணியில் முகம் தெரிந்தால், மங்கலாக்கும் முன் போட்டோகிராபருக்கு வாட்ஸ்அப்பில் படம் போகும். "தாய்மாமனை ப்ளர் பண்ணிட்டா ஆல்பம் திரும்பி வந்துரும் சார். ஆல்பம் மட்டுமா வரும், ஆளுங்களும் வருவாங்க." பெரியப்பா, நாத்தனார், முறைமாமன் எல்லோருக்கும் இப்படி விசாரணை நடக்கிறது. நான் இருந்தபோது வந்த ஒரு பதில், "அந்த நீலச் சட்டை எங்க ஆளு இல்ல, அடிச்சிருங்க."

நாதஸ்வரக்காரருக்கும் தவில்காரருக்கும் விசாரணை கிடையாது. தாலி கட்டும் படத்தில் கெட்டிமேளம் முழங்கக் கன்னம் உப்பி நிற்கிறார் ஒருவர். படத்திலேயே உயிருள்ள முகம் அதுதான் என்று எனக்குப் பட்டது. சொன்னேன். டிசைனர் உற்றுப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் சார் இருக்கு. ஆனா கேக்க ஆளில்லையே" என்றபடி ஸ்லைடரை நகர்த்தினார். இதில் அவர்மேல் குற்றமில்லை. ஆல்பத்துக்குப் பணம் கொடுப்பவரின் உறவுதான் எது முன், எது பின் என்று தீர்மானிக்கிறது. லென்ஸுக்கு அந்த வேறுபாடு தெரியாது. எட்ட நின்றால் தாய்மாமனையும் மங்கலாக்கிவிடும்.

கூலி ஷீட் கணக்கு. 12க்கு 36 அங்குல ஷீட் ஒன்றுக்கு இவ்வளவு என்று பேச்சு. மல்லிகைச் சரமும் ஜிமிக்கியும் உள்ள ஷீட்டுக்கும், தாம்பூலத் தட்டை மட்டும் எடுத்து வைத்த ஷீட்டுக்கும் ஒரே ரேட். இது எனக்கு அநியாயமாகவே படுகிறது. அதனால் ஷீட்டில் பெரிதாக வரும் ஒரு படத்துக்கு மட்டும் முடி, பூ என்று நுணுக்கம் பார்க்கிறார். மற்றவற்றைத் தானியங்கியிடம் விட்டு, ஓரத்தைச் சற்றே ஃபெதர் செய்து தள்ளிவிடுகிறார்.

கட்டிங் அதிகமுள்ள ஷீட்டுக்குத் தனி ரேட் கேட்கக் கூடாதா என்றேன்.

"கேட்டாச்சு சார். ஆவணியில பாக்கலாம்னு சொல்லியிருக்காரு."


"எந்த ஆவணின்னு கேட்டியா?" என்றார் மூலையிலிருந்து மூத்தவர்.