மொட்டைக் கடிதமும் மூடிய உறையும்

மொட்டைக் கடிதம் என்றாலே நம்மவர்க்கு ஓர் இளக்காரம் உண்டு. பெயரிட்டு எழுதத் துணிவற்றவன், பொறாமையினால் பிறர்மீது சேற்றை வாரி இறைக்கிறான் என்றே கருதுவோம். 31 ஆண்டுக் காலம் ஒரு காரியாலயத்தின் தபால் பிரிவில் பணியாற்றிய எனக்கு, அவ்வெண்ணம் முற்றிலும் பொய்யன்று என்பது தெரியும். ஆயின், பெயரை மறைக்க விரும்புவோர் யாவரும் கோழைகளல்லர் என்பதும் அங்கேதான் எனக்கு விளங்கிற்று.

ஒரு புகார் வந்து சேர்ந்தால் அஃது எத்தனை கைகள் மாறுகிறது என்பதை வெளியில் இருப்போர் அறியார். உறையைப் பிரிப்பவர் ஒருவர், பதிவேட்டில் எழுதுபவர் ஒருவர், நகலெடுப்பவர் மற்றொருவர், கோப்பைச் சுமந்து செல்லும் சேவகர் வேறொருவர். ‘விளக்கம் கோரப்படுகிறது’ என்னும் குறிப்போடு, குற்றஞ்சாட்டப்பட்டவரின் மேசைக்கே அக்கடிதம் போய்ச் சேர்ந்ததையும் கண்டிருக்கிறேன். இதில் யாரும் வேண்டுமென்று துரோகம் செய்வதில்லை. அன்றாட நடைமுறையே ஆளைக் காட்டிக் கொடுத்துவிடுகிறது.

இதற்கு நாடறிந்த சான்று சத்தியேந்திர துபே. கான்பூர் ஐ.ஐ.டி.யில் பயின்ற அப்பொறியாளர், தங்க நாற்கரச் சாலைப் பணியில் தாம் கண்ட முறைகேடுகளைப் பற்றி 2002-ஆம் ஆண்டு பிரதமருக்கு எழுதினார்; தம் பெயரை இரகசியமாக வைக்குமாறும் வேண்டிக்கொண்டார். அக்கடிதமோ பெயருடனேயே அலுவலகங்களைச் சுற்றி வந்தது. 2003 நவம்பர் 27 அன்று கயை நகரில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். கொள்ளையடிக்க வந்தோர் செய்த கொலையென்று 2010-இல் நீதிமன்றம் மூவரைத் தண்டித்தது. அஃது எவ்வாறாயினும், காக்குமாறு கேட்ட பெயரைக் காவாது விட்ட குறை நீங்கிவிடாது.

அதன் பின்னரே, உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியதன் பேரில், 2004-இல் மத்திய அரசு ஒரு தீர்மானம் வெளியிட்டது. மத்திய அரசின் அலுவலகங்களிலும் நிறுவனங்களிலும் நிகழும் ஊழலைப் பற்றிய புகார்களை, எழுதியவரின் பெயரைக் காத்து, மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையம் ஏற்க வேண்டும் என்பது அதன் சாரம். 2014-இல் இதற்கெனத் தனிச் சட்டமே இயற்றப்பட்டது. எனினும் அது நடைமுறைக்கு வராமலே ஆண்டுகள் பல கழிந்தன.

சில ஆண்டுகளுக்கு முன் நமது அன்பர் ஒருவரின் புதல்வர் என் இல்லம் வந்தார். பொதுத்துறை நிறுவனம் ஒன்றின் கிடங்கில் கணக்கு எழுதுபவர். வாராத சரக்கு வந்ததாகப் பதிவாகிறது. அதற்குப் பணமும் கொடுக்கப்படுகிறது. “மாமா, பேசாமல் இருந்தால் நாளை என் கையெழுத்தும் அதில் இருக்கும். எழுதினாலோ, அந்தப் பிரிவில் தமிழன் நான் ஒருவன்தான்; என் ஆங்கிலமே என்னைக் காட்டிக் கொடுத்துவிடும்” என்றார். முதிய பெற்றோர், பள்ளி செல்லும் பெண், நிறுவனம் தந்த குடியிருப்பு. வேலை போனால் வீடும் போகும். அயலூரில் பிழைப்பவர்க்கு இவ்வச்சம் இருமடங்கன்றோ!

மொட்டைக் கடிதம் வேண்டாமென்று முதலில் கூறினேன். பெயரில்லாப் புகாரை அத்தீர்மானத்தின்கீழ் ஆணையம் ஏற்பதில்லை. முறை வேறு. ஒட்டி மூடிய உறையின்மேல், பொதுநல வெளிப்பாட்டுப் புகார் எனக் குறித்து, ஆணையத்தின் செயலாளருக்கு அனுப்ப வேண்டும். பெயரும் முகவரியும் உள்ளே, தனித்தாளில் இருக்கலாம். புகாரின் வாசகத்தில் எழுதியவரை அடையாளம் காட்டும் குறிப்பேதும் கூடாது. பெற்றுக்கொண்டதாகப் பதில் வராது. நாமும் மேற்கொண்டு கடிதம் எழுதாதிருத்தலே நலம்.

இரண்டு மாலைப் பொழுதுகள் அமர்ந்து அக்கடிதத்தைத் திருத்தினோம். ‘மேலாளர் என்னிடம் கூறினார்’ என்ற வரியை அடித்தேன். அவர் அவ்வாறு கூறியது இவரிடம் மட்டுமே. பலரும் பார்க்கக்கூடிய பதிவேட்டின் பக்க எண்ணும் தேதியும் இருந்தாற் போதும். சினத்தில் எழுதிய அடைமொழிகளையும் நீக்கினோம். அலுவலகக் கணினியையும் தொலைபேசியையும் இதற்காகத் தொடலாகாது என்றேன்.

பதினொரு மாதங்கள் ஒன்றும் நிகழவில்லை. பின்னர் அதிகாரிகள் வந்து பதிவேடுகளை எடுத்துச் சென்றனர். அப்பிரிவினர் அனைவரையும், இவரையும் சேர்த்தே, விசாரித்தனர். எழுதியவர் யாரென்று அங்கே எவரும் அறியார். அவருடைய இசைவு பெற்று, அடையாளங்களை மாற்றியே இதனை எழுதுகிறேன்.

தனியார் நிறுவனங்களில் பணிபுரிவோர்க்கும் வழியுண்டு. பங்குச் சந்தையில் பதிவான நிறுவனங்கள் புகாருக்கென ஓர் ஏற்பாடு வைத்திருக்க வேண்டும் என்றும், தக்க வேளைகளில் தணிக்கைக் குழுத் தலைவரை நேரே அணுக இடமளிக்க வேண்டும் என்றும் 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டம் விதிக்கிறது. பணியிடத்தில் பாலியல் தொல்லைக்கு ஆளாகும் பெண்களுக்கான 2013-ஆம் ஆண்டுச் சட்டத்திலோ, புகாரின் நகல் எதிர்த்தரப்பினருக்குச் செல்லும்; ஆயினும் அப்பெண்ணின் பெயரை ஊரறிய வெளியிடுதல் குற்றமாகும். இவ்வேறுபாட்டை நம் புதல்வியர் முன்னரே அறிந்திருத்தல் நன்று.

இறுதியாக ஒன்று. நம் சங்கக் கூட்டங்களில் காபி அருந்திக்கொண்டே, ‘இன்னாருடைய பிள்ளை துணிந்து எழுதிவிட்டானாம்’ என்று பெருமையாகவே பேசிவிடுவோம். அப்பேச்சு மறுநாளே காரியாலயம் போய்ச் சேரும். ஆணையம் உறையைக் காக்கும். நம் நாவை நாமேதான் காத்தல் வேண்டும். நம்மை நம்பிச் சொல்லப்பட்ட பெயர் நம்மோடே நிற்கட்டும்.