நாலு சக்கரமும் இழுத்தா போதுமா?

நாலு வருஷமா மெக்கானிக்கல் படிக்கிறேன். இதுவரைக்கும் வீட்டில் யாரும் என்னிடம் இன்ஜினியரிங் சம்பந்தமாக ஒரு கேள்வி கேட்டதில்லை. மிக்ஸி ஓடலைன்னா கடைக்குத்தான் போகும். பைக் ஸ்டார்ட் ஆகலைன்னா பக்கத்து வீட்டு பாலிடெக்னிக் பையன்தான் வருவான். அதனால் போன செப்டம்பரில் அப்பா சாப்பிட்டுக்கொண்டே, "எம்மா, நீ வண்டியப் பத்தித்தான படிக்க? இந்த நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி வாங்கலாமா, சொல்லு" என்று கேட்டபோது எனக்குப் புரையேறிவிட்டது.

அப்பா சங்கரன்கோவிலில் விசைத்தறிச் சேலைகளை வாங்கி ராஜபாளையம், கோவில்பட்டி பக்கக் கடைகளுக்குப் போடுகிறவர். பழைய சின்ன கார் பதினொரு வருஷம் உழைத்துவிட்டது. ஒரு செகண்ட் ஹேண்ட் எஸ்யூவி வாங்கலாம் என்று முடிவு. திருநெல்வேலியில் ஒரு யார்டில் கிராண்ட் விட்டாரா மூணு வண்டி நிற்கிறதாம். அதில் ஒன்று ஆல் வீல் டிரைவ். யார்டுக்காரர் அதைத்தான் ரொம்பப் புகழ்ந்திருக்கிறார். "ஹைப்ரிட்டும் இருக்கு, ஃபோர் வீலும் இருக்கு அண்ணாச்சி, எங்க வேணா ஏறும்" என்று.

நான் சிரித்தேன். "அப்பா, அந்த வண்டியில ஒரு நாப் இருக்கு. ஆட்டோ, ஸ்போர்ட், ஸ்னோ, லாக்னு நாலு மோடு. சங்கரன்கோவில்ல எங்கப்பா ஸ்னோ?" அப்பா சிரிக்கவில்லை. "பனி பெய்யாது. மழை பெய்யும்ல?" என்று சொல்லிவிட்டுக் கை கழுவ எழுந்து போய்விட்டார்.

அப்புறம்தான் எனக்கு உறைத்தது.

2023 டிசம்பர் 17. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டிய அந்த மழை. எங்கள் பக்கம் அவ்வளவு இல்லை. ஆனால் கரிசல் காட்டுக்கு அவ்வளவு தேவையும் இல்லை. தாத்தா குருவிகுளம் பக்கம் கிராமத்தில் தனியாக இருக்கிறார். ஆச்சி போன பிறகும் டவுனுக்கு வரமாட்டேன் என்றவர். அன்று ராத்திரி அவருக்கு நெஞ்சடைப்பு மாதிரி வந்து, போன் பண்ணினார்கள். தார் ரோட்டில் இருந்து தாத்தா வீட்டுக்கு முந்நூறு மீட்டர் வண்டிப்பாதை. கார் அதில் ஐம்பது மீட்டர் போயிருக்கும், அப்படியே உட்கார்ந்துவிட்டது. அப்பா ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க முன்சக்கரம் சும்மா சுற்றுகிறது, மண் பானெட் மேல் வந்து விழுகிறது. கடைசியில் டிராக்டர் வைத்திருக்கிற பெரியப்பா வந்து இழுத்தார். தாத்தாவைக் கட்டிலோடு நாலு பேர் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு வந்தார்கள். ஒன்றரை மணி நேரம் போயிற்று. தாத்தா பிழைத்துவிட்டார். நான் அப்போது ஹாஸ்டலில் இருந்தேன், எனக்கு இது எல்லாம் போனில் கேட்ட கதை. அப்பாவுக்கு அது கதை இல்லை.

சரி, சீரியஸாக எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பிளேஸ்மென்ட் ஆப்டிட்யூடுக்குக்கூட இவ்வளவு உட்கார்ந்ததில்லை.

முதலில் அந்த "ஹைப்ரிட்டும் ஃபோர் வீலும்" என்ற வசனம். 2022-ல் வந்த கிராண்ட் விட்டாராவில் இரண்டு வகை ஹைப்ரிட் உண்டு. மைல்ட் ஹைப்ரிட்டில் சின்ன மோட்டார் இன்ஜினுக்குக் கொஞ்சம் கைகொடுக்கும், அவ்வளவுதான். அதனால் தனியாக வண்டியை ஓட்ட முடியாது. ஸ்ட்ராங் ஹைப்ரிட்டில் 0.76 கிலோவாட் ஹவர் பேட்டரி இருக்கும், மெதுவாகப் போகும்போது இன்ஜினை அணைத்துவிட்டு மோட்டாரே இழுக்கும். ஆல் வீல் டிரைவ் மைல்ட் ஹைப்ரிட்டில் மட்டும்தான். ஸ்ட்ராங் ஹைப்ரிட்டில் முன்சக்கரம் மட்டும். அதாவது நாம் ஹைப்ரிட் என்று நினைத்து மனசில் வைத்திருக்கிற மைலேஜும் நாலு சக்கர இழுவையும் இந்த வண்டியில் ஒன்றாகக் கிடைக்கவே கிடைக்காது. யார்டுக்காரர் பொய் சொல்லவில்லை. முழுசா சொல்லவில்லை.

வெளிநாட்டில் இரண்டும் சேர்ந்து வருகிறது. டொயோட்டா ராவ்4 ஹைப்ரிட்டில் பின்னால் தனியாக ஒரு மோட்டார் வைத்துவிட்டார்கள். முன்னாலிருந்து பின்னால் வரை நீளமான ப்ரொப்பெல்லர் ஷாஃப்டே கிடையாது, ஒரு ஒயர்தான் போகிறது. ஐடியா எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. ஆனால் கனடா மாதிரி ஊர்களில் பனிக்காக ரோட்டில் போடுகிற உப்பு, அந்த ஹை வோல்டேஜ் கேபிளின் கனெக்டரை அரித்துப் பெரிய தலைவலியானது. எது எந்தக் காரணத்துக்காக வேண்டுமோ அதுவே அதைத் தின்கிறது பாருங்கள்.

அடுத்தது மைலேஜ். கம்பெனி சொல்லும் கணக்கு இது: ஸ்ட்ராங் ஹைப்ரிட் லிட்டருக்கு 27.97 கி.மீ., ஆல் வீல் டிரைவ் மேனுவல் 19.38, முன்சக்கர மைல்ட் ஹைப்ரிட் ஆட்டோமேட்டிக் 20.58. நம்ம ரோட்டில் மூன்றும் குறையும், ஆனால் ஒப்பிடப் போதும். அப்பா மாதம் ஆயிரம் கி.மீ. ஓட்டுவார். வருஷத்துக்கு ஸ்ட்ராங் ஹைப்ரிட் 429 லிட்டர், ஆட்டோமேட்டிக் 583, ஆல் வீல் டிரைவ் 619. லிட்டர் நூறு ரூபாய் என்று வைத்தால், ஸ்ட்ராங் ஹைப்ரிட் ஆட்டோமேட்டிக்கைவிட வருஷத்துக்குப் பதினைந்தாயிரம் மிச்சம் பிடிக்கும். ஆனால் யார்டில் அதற்கு இரண்டு லட்சம் கூடுதலாகக் கேட்டார்கள். "பதிமூணு வருஷம் கழிச்சு நான் வண்டி ஓட்டுவனா?" என்றார் அப்பா. அம்மாவுக்கு அதன் டிக்கியும் பிடிக்கவில்லை. பேட்டரி பின்னால் உட்கார்ந்திருப்பதால் 373 லிட்டர் இடம் 265 ஆகிவிடுகிறது. "சேலைக்கட்டு வைக்கவா, பேட்டரி வைக்கவா?"

ஆக ஸ்ட்ராங் ஹைப்ரிட் போட்டியில் இல்லை. மிச்சம், ஆல் வீல் டிரைவா வேண்டாமா என்பதுதான்.

இங்கேதான் செகண்ட் செமஸ்டர் உராய்வு பாடம் ஞாபகம் வந்தது. சக்கரம் தரையைத் தள்ளும் பலம் மியூ இன்ட்டு நார்மல் ஃபோர்ஸ். முன்சக்கர வண்டியில் இன்ஜின் எடை முன்னால் இருப்பதால், மொத்த எடையில் 60 சதவீதம் போல இழுக்கிற சக்கரத்தின் மேல்தான் இருக்கிறது. நாலு சக்கரமும் இழுத்தால் அது நூறு. நல்ல லாபம்தான், ஆனால் அப்பா நினைத்த மாதிரி இரண்டு மடங்கு இல்லை. அதோடு மியூவே பூஜ்யத்துக்குப் பக்கத்தில் போனால் எதை எதால் பெருக்கினாலும் ஒன்றும் வராது. கரிசல் மண் நனைந்தால் உப்பும், வழுக்கும், ஒட்டும். டயர் ஒரு சுற்று சுற்றினால் பள்ளமெல்லாம் மண் அடைந்து, டயர் மொழுமொழுவென்று பாட்டில் மாதிரி ஆகிவிடும். இந்த வண்டிகளில் வருவது தார் ரோட்டு டயர். இரண்டு பாட்டிலுக்குப் பதில் நாலு பாட்டில்.

இதைத் தியரியாகத்தான் வைத்திருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை கிராமத்துக்குப் போய்ப் பெரியப்பாவிடம் கேட்டேன். "ஈரக் கரிசல்ல நாங்க டிராக்டரயே எறக்க மாட்டோம் தாயி" என்றார். அப்படியானால் அன்றைக்கு எப்படி இழுத்தீர்கள் என்றேன். "நான் எங்க எறங்கினேன்? தார் ரோட்டு மேல நின்னுக்கிட்டு வடம் போட்டுல்லா இழுத்தேன்."

எனக்கு அங்கேயே பதில் கிடைத்துவிட்டது. அன்று காரை மீட்டது டிராக்டரின் பெரிய டயர் இல்லை, அது நின்ற கெட்டியான இடம்.

ஆனாலும் அப்பாவோடு யார்டுக்குப் போய் ஆல் வீல் டிரைவ் வண்டியை ஒரு தடவை பார்த்தேன். யாரேனும் வாங்கப் போகிறீர்கள் என்றால் இதைக் கவனியுங்கள்: அதன் முன் டயர் இரண்டும் புதுசு, பின் டயர் இரண்டும் தேய்ந்தது. முன்சக்கர வண்டியில் இது சகஜம். நாலு சக்கர இழுவையில், டயர் அளவு வித்தியாசப்பட்டால் முன்னும் பின்னும் வேறு வேறு வேகத்தில் சுற்றும், நடுவில் இருக்கிற கப்ளிங் காய்ந்த ரோட்டிலும் சும்மா இருக்க முடியாமல் தேயும். பின் டிஃபரென்ஷியல் ஆயில் எப்போது மாற்றினீர்கள் என்று கேட்டேன். யார்டுக்காரர் என்னை விட்டுவிட்டு அப்பாவைப் பார்த்துப் பதில் சொன்னார். "அவகிட்டயே சொல்லுங்க, அவதான் இன்ஜினியர்" என்றார் அப்பா. இன்னும் எனக்கு ஒரு அரியர் இருக்கிறது என்பதை அந்த நேரத்தில் நான் சொல்லவில்லை.

அது மேனுவல் கியர் வேறு. அப்பாவுக்கு இடது முட்டி வலி. கிளட்ச் மிதிக்காமல் இருப்பதே அவருக்குப் பெரிய விஷயம். வால்பாறையிலோ ஊட்டியிலோ எஸ்டேட் மண் ரோட்டில் தினமும் ஏறி இறங்குகிறவர் என்றால் நானே ஆல் வீல் டிரைவை வாங்கச் சொல்லியிருப்பேன். ஏற்றத்தில், சரளில், ஈரப்புல்லில் அது நிஜமாகவே உதவும். இன்னொன்று, பிரேக்குக்கு இதில் ஒரு பங்கும் இல்லை. எந்த வண்டியானாலும் நாலு சக்கரமும்தான் நிற்கிறது.

ஆட்டோமேட்டிக்கை வாங்கினோம். ஆல் வீல் டிரைவுக்குக் கேட்ட விலையைவிடக் குறைவாக முடிந்தது. மிச்சப் பணத்தில் அப்பா தாத்தா வீட்டுப் பாதையில் சரள் அடித்தார். டிப்பர் டிப்பராக வந்து கொட்டி, பெரியப்பாவே டிராக்டரில் நிரவினார். முந்நூறு மீட்டரில் இருநூற்று அறுபது முடிந்தது. கடைசி நாற்பது மீட்டர் ஒரு பங்காளியின் பொலியோரம் போகிறது. "எங்க எடத்துல ஒரு கல்லு விழக்கூடாது" என்றுவிட்டார் அவர். பழைய பாகப்பிரிவினைச் சண்டை. அதற்கு எந்தக் கம்பெனியும் மோடு வைக்கவில்லை.

நவம்பரில் நல்ல மழை பெய்த ஒரு சாயங்காலம், தாத்தாவை செக்கப்புக்குக் கூட்டி வரப் போனோம். சரளில் வண்டி சாதாரணமாகப் போயிற்று. அது முடிகிற இடத்தில் அப்பா நிறுத்தினார். செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, நானும் அப்பாவும் முழங்கால் சேற்றில் நடந்து போய், தாத்தாவை ஆளுக்கொரு பக்கம் தாங்கிக் கூட்டி வந்தோம். நாற்பது மீட்டருக்குப் பத்து நிமிஷம் ஆயிற்று. வண்டியில் ஏறினதும் தாத்தா சீட்டைத் தடவிப் பார்த்தார். காலில் ஒட்டின கரிசலை மேட்டில் தேய்த்துவிட்டு, "இத்தன ரூவா போட்டு வாங்கியிருக்கியே, வாசல் வர வராதா?" என்று கேட்டார்.

அப்பா என்னைப் பார்த்தார். நான் சீட் பெல்ட் போட்டுக்கொண்டிருந்தேன்.