கரிசலில் கூடாரமிட்ட முதியவர்கள்

மதுரையிலிருந்து தூத்துக்குடி செல்லும் நாற்கரச் சாலையில் நீங்கள் என்றேனும் பயணம் செய்திருக்கலாம். எட்டயபுரத்தை நெருங்கும்போது பேருந்தின் சன்னலோரம் அமர்ந்திருப்பவர் கண்ணில் கருத்த மண்ணன்றி வேறு எதுவும் அதிகம் படாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் அந்த மண் காலைப் பிடித்துக்கொண்டால் விடாது. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டுதான் நடக்க வேண்டும். பங்குனி வெயிலிலோ அதே மண் பாளம் பாளமாக வெடித்து, கை நுழையும் அளவுக்கு வாய் பிளந்து நிற்கும். ஆண்டு முழுவதும் பெய்யும் மழை சராசரியாக 700 மில்லிமீட்டரைக்கூட எட்டுவதில்லை. அதிலும் பெரும்பகுதி வடகிழக்குப் பருவமழை தருவது. புரட்டாசியில் விதைத்து, தை மாசியில் வெள்ளாமையை வீடு சேர்த்துவிட்டால், அடுத்த புரட்டாசி வரை பெரும்பாலான காடு சும்மா கிடக்கும்.

சும்மா கிடக்கும் என்று சொல்கிறோமே, அந்தச் சும்மா கிடக்கும் நிலத்தை நம்பியே வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊர் பெயர்ந்து வருவோர் இருக்கின்றனர். உளுந்தும் பாசியும் கம்பும் மக்காச்சோளமும் எடுத்து முடித்த காடுகளில், மாசி பிறந்ததும் ஆட்டு மந்தைகள் வந்து இறங்கும். மந்தைக்குச் சற்றுத் தள்ளி, குனிந்து நுழையும் உயரத்தில் ஒரு கூடாரம். கீழே பனையோலை, மேலே நீலத் தார்ப்பாய், வாசலில் மூன்று கல் அடுப்பு, ஒரு குடம், ஒரு கயிற்றுக் கட்டில். அந்தக் கூடாரத்திலிருந்து தலை நீட்டுவோர் இக்காலத்தில் பெரும்பாலும் அறுபதைக் கடந்த கணவனும் மனைவியுமாக இருக்கின்றனர்.

எட்டயபுரம் என்றதும் தமிழுலகம் 1882இல் அங்கே பிறந்த பாரதியாரை நினைக்கும். நாம் உமறுப்புலவரை நினைப்போம். சீறாப்புராணம் தந்த அப்பெருமகனார் எட்டயபுரம் அரண்மனைப் புலவர் கடிகைமுத்துப் புலவரிடம் தமிழ் கற்றவர். அவர் அடக்கமாகியிருப்பதும் அவ்வூரிலேயே. அந்த அடக்கத்தலத்துக்கு 1912ஆம் ஆண்டில் முதன்முதலாக ஒரு நினைவு மண்டபம் எழுப்பியவர் முஸ்லிமல்லர். புலவர்பால் பேரன்பு கொண்ட கோனார் ஒருவர். ஆயர்குலத்தவர்! கர்நாடக இசை அறிந்தோருக்கு இவ்வூர் இன்னொன்றையும் நினைவூட்டும். திருவாரூரில் பிறந்த முத்துசாமி தீட்சிதர் தம் இறுதிக் காலத்தில் இங்கு வந்து, 1835இல் இங்கேயே மறைந்தார். முதுமையில் வந்து சேர்ந்தோரை இம்மண் முன்பும் கண்டிருக்கிறது.

நம் இல்லங்களுக்கும் இந்த ஊருக்கும் வேறொரு தொடர்பும் உண்டு. எட்டயபுரத்தில் சனிக்கிழமைதோறும் ஆட்டுச் சந்தை கூடுகிறது. விடியுமுன்பே வண்டிகள் வரத் தொடங்கிவிடும். ஹஜ்ஜுப் பெருநாளை ஒட்டிய வாரங்களில் ஒரே நாளில் பல கோடி ரூபாய்க்கு அங்கே கைமாறுவதாகப் பத்திரிகைகள் ஆண்டுதோறும் எழுதுகின்றன. உங்கள் வீட்டுக் குர்பானி ஆடு எங்கே வளர்ந்தது என்று நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள். தென் மாவட்டத்தவராயின் அது இக்கரிசலில் மேய்ந்ததாக இருக்கக்கூடும். எட்டயபுரத்துக்கு வடக்கேயுள்ள வேம்பூரின் பெயராலேயே ஓர் ஆட்டினம் உண்டு. வெள்ளை உடம்பில் செந்நிறத் திட்டுகள் ஆங்காங்கே தெளித்தாற்போல் இருக்கும். ஆகவே பொட்டு ஆடு என்றும் சொல்வர். கிடாவுக்குக் கொம்புண்டு, பெட்டைக்கு இல்லை. கம்பளி தரும் இனமன்று. இறைச்சிக்காகவும் எருவுக்காகவுமே வளர்க்கின்றனர்.

எரு என்றேன், கிடையின் பொருளாதாரமே அதில்தான் இருக்கிறது. பகலெல்லாம் தரிசிலும் கண்மாய்க்கரையிலும் மேய்ந்த ஆடுகளை இரவில் ஒருவருடைய காட்டில் வலை கட்டி அடைப்பார்கள். மறுநாள் வலை அடுத்த துண்டுக்கு நகரும். இப்படி நகர்ந்து நகர்ந்து முழுக்காடும் புழுக்கையும் மூத்திரமும் பெற்றுவிடும். நிலத்துக்காரர் ஓர் இரவுக்கு இவ்வளவு என்று பேசிக் கொடுப்பார். முன்பு தானியமாக, இப்போது பணமாக. கிடை நகர்ந்ததும் ஓர் உழவு போட்டு எருவை மண்ணுக்குள் மறைத்துவிட வேண்டும்; வெயிலில் கிடந்தால் அதன் சத்துக் காற்றோடு போய்விடும். ஆட்டெரு அவ்வருடம், மாட்டெரு மறுவருடம் என்பது உழவர் வழக்கு. உர மூட்டையின் விலை ஏற ஏற இந்த வழக்கின் மதிப்பும் ஏறியிருக்கிறது.

மந்தையை நடத்துவோரில் மூத்தவரைக் கீதாரி என்பர். இராமநாதபுரம், சிவகங்கைச் சீமைகளிலிருந்து கிளம்பும் கீதாரிகள் தஞ்சைத் தரணி வரை செல்வதுண்டு; மற்றும் பலர் கரிசலோடு நின்றுகொள்வர். மழைக்காலத்தில் கரிசலில் கிடை நிற்பது கடினம். சேற்றில் குளம்பு அழுகும். நீலநாக்கு நோயும் அந்தப் பருவத்தில்தான் தலைகாட்டும். அதனால் மேட்டு நிலம் தேடிப் போய், பனி குறைந்து, காடு வெறுமையான பின்னரே திரும்புவர். முன்பு நடந்தே வருவர். இப்போது நம் மக்கள் ‘குட்டி யானை’ என்றழைக்கும் சிறு பார வண்டியில் குட்டிகளையும் கூடாரத்தையும் ஏற்றிவிட்டு, பெரிய ஆடுகளை மட்டும் சாலையோரம் ஓட்டிச் செல்கின்றனர்.

சென்ற மாசியில் ஒரு சனிக்கிழமை, விளாத்திகுளம் சாலையோரம் அப்படியொரு கூடாரத்தின் முன் ஒரு மாலைப்பொழுதைக் கழித்தேன். என் தொப்பியைக் கண்டதும், “வாங்க அசரத்து, பெருநாளுக்குக் கிடா பாக்க வந்தீகளா?” என்றார் பெரியவர். கமுதிப் பக்கத்துக்காரர். ஏறத்தாழ இருநூறு ஆடுகள். அவற்றில் சொந்தமானவை பாதிகூட இல்லை. வீடு இல்லையோ என்று எண்ணிவிடாதீர்கள். “வீடு இருக்கு. காரை வீடுதான், மவன் கெட்டிக் குடுத்தான். வருசத்துல மூணு மாசம் அதுல படுத்திருப்போம்” என்றார். ஒரு மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில். மற்றவர் துபாயில் வண்டி ஓட்டுகிறார்.

“இந்த வயதில் ஏன் ஐயா வெயிலிலும் பனியிலும்?” என்று கேட்டேன். அவர் சிரித்தார். விடை அம்மையாரிடமிருந்து வந்தது: “வீட்டுல உக்காந்தா காலு வீங்குது. இங்க நடந்தா வத்திப்போகுது.”

அதைக் கேட்டு நீங்களும் புன்னகைக்கலாம். ஆனால் அரசு தரும் முதியோர் உதவித்தொகையைப் பற்றிக் கேட்டபோது பெரியவரின் குரல் மாறியது. 2023 முதல் அது மாதம் 1,200 ரூபாய். வாங்க வேண்டுமாயின் ஊரில் இருக்க வேண்டும். ஊருக்குப் போய் வர ஒரு நாள். அந்த ஒரு நாள் ஆட்டை யார் பார்ப்பது? மகன்கள் அனுப்பும் பணம் பேரப்பிள்ளைகளின் படிப்புக்குப் போகிறது. இவர்கள் தங்கள் சோற்றைத் தாங்களே சம்பாதிக்கிறார்கள். யாரிடமும் கை நீட்டவில்லை என்பதில் அவருக்கொரு மிடுக்கும் இருந்தது.

அம்மையாருக்கு வாய்த்த வேலை குட்டிகள். பிறந்து சில நாளே ஆன குட்டிகள் மந்தையோடு நடக்க மாட்டா. அவற்றைப் பகலெல்லாம் கூட்டுக்குள் அடைத்துக் காவல் காப்பார். பொழுது சாயும் நேரம் தாயாடுகள் தொலைவில் வரும்போதே கத்தத் தொடங்கும். கூட்டுக்குள்ளிருந்து குட்டிகள் பதில் கத்தும். கூட்டைத் தூக்கியதும் அத்தனையும் பாய்ந்தோடித் தத்தம் தாயைக் கண்டுபிடிக்கும் அந்தக் காட்சியை நீங்கள் ஒருமுறை பார்க்க வேண்டும். எப்போதும் ஒன்றிரண்டு தடுமாறி நிற்கும். அம்மையார் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து, அந்தக் குட்டியைத் தூக்கி, இருநூறு ஆடுகளுக்குள் அதன் தாய் எதுவென்று பார்த்தமாத்திரத்தில் அறிந்து, மடியில் சேர்த்துவிட்டு வந்து அமர்ந்தார். அந்த அறிவு எந்தப் புத்தகத்திலும் இல்லை.

வீட்டை விட்டுக் கிளம்பிப் பாலையில் கூடாரமிடும் முதியவர்கள் நம் நாட்டில் மட்டும் இருப்பதாக எண்ண வேண்டாம். அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் குவார்ட்சைட் என்றோர் ஊர் உண்டு. 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நிலையாகக் குடியிருப்போர் இரண்டாயிரத்து ஐந்நூறு பேர்கூட இல்லை. கோடையில் 45 டிகிரி வெயில் எரிக்கும் பாலை அது. ஆனால் குளிர்காலம் வந்துவிட்டால், வட மாநிலங்களிலிருந்தும் கனடாவிலிருந்தும் பல்லாயிரம் பேர் அங்கே வந்து குவிகின்றனர். மிகப் பலர் பணி ஓய்வு பெற்ற தம்பதியர். சமையலறை, கட்டில், கழிப்பறை எல்லாம் அடங்கிய வண்டிவீட்டை ஓட்டிக்கொண்டு வருவர். பனிக்கு அஞ்சித் தெற்கே வருவதால் பனிப்பறவைகள் என்று அவர்களுக்குப் பெயர். 1983 முதல் அந்நாட்டு நில மேலாண்மைத் துறை இத்தகையோருக்கென்றே பாலை நிலங்களை ஒதுக்கி, செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை தங்க அனுமதிக்கிறது. பருவம் முழுமைக்கும் கட்டணம் நெடுங்காலம் 180 டாலராகவே இருந்தது. தண்ணீர் பிடிக்கவும் கழிவைக் கொட்டவும் ஓரிடம், மற்றபடி வெட்டவெளி. மின்சாரத்துக்கு வண்டியின் கூரையில் சூரியத் தகடு.

அந்த ஊரின் அடக்கத்தலத்தில் கூம்பு வடிவக் கல் சின்னம் ஒன்று நிற்கிறது. அதன் உச்சியில் செம்பினாலான ஓர் ஒட்டகம். அங்கே அடங்கியிருப்பவர் யார் தெரியுமா? ஹாஜி அலி! 1855இல் அமெரிக்க நாடாளுமன்றம் 30,000 டாலர் ஒதுக்கி, பாலைவழிப் போக்குவரத்துக்கு ஒட்டகங்களை வாங்கப் பணித்தது. மறு ஆண்டு டெக்சாஸ் கரையில் இறங்கிய ஒட்டகங்களோடு வந்த மேய்ப்பர்களில் அவர் ஒருவர். உதுமானியப் பேரரசில் பிறந்து, ஹஜ் செய்து, ஹாஜி அலி ஆனவர். அமெரிக்கர் நாவில் அப்பெயர் ‘ஹை ஜாலி’ என்று திரிந்தது. கோவேறு கழுதைகள் ஒட்டகத்தைக் கண்டு மிரண்டன, உள்நாட்டுப் போரும் மூண்டது, திட்டம் கைவிடப்பட்டது. ஹாஜி அலி சுமை ஏற்றியும், படைக்கு வழிகாட்டியும், பொன் தேடியும் அலைந்து 1902இல் அங்கேயே காலமானார். அந்தச் சின்னத்தை 1935இல் எழுப்பியது அரிசோனா மாநிலத்து நெடுஞ்சாலைத் துறை. எட்டயபுரத்துப் புலவருக்குக் கோனார். அரிசோனா மேய்ப்பருக்கு நெடுஞ்சாலைத் துறை! அந்தச் சின்னத்தின் முன் நின்று படமெடுத்துச் செல்லும் பனிப்பறவைகளில் எத்தனை பேருக்கு ஹாஜி என்ற சொல்லின் பொருள் தெரியும் என்பது வேறு செய்தி.

இரு கூடாரங்களையும் ஒன்றென்று நான் சொல்ல வரவில்லை. குவார்ட்சைட்டுக்காரர் ஓய்வூதியத்தோடு வருகிறார். பிடிக்காவிட்டால் சாவியைத் திருகி வண்டியைக் கிளப்பிவிடலாம். கரிசல் கூடாரத்துக்காரர் உழைக்க வருகிறார். ஓர் ஆடு செத்தால் ஒரு மாத உழைப்புப் போயிற்று. எனினும் இரு இடத்திலும் ஒன்றைக் காண்கிறேன். முதியவர்கள் இருவர் இருவராக, விடிந்தால் செய்வதற்கு ஒரு வேலையோடும் பேசுவதற்கு ஓர் அண்டை மனிதரோடும் இருக்கின்றனர். நம் ஊர்களை நினைத்துப் பாருங்கள். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் பெரிய பெரிய வீடுகளில், பிள்ளைகளெல்லாம் வளைகுடாவிலும் சென்னையிலும் இருக்க, வாப்பாவும் உம்மாவும் ஓர் அறையில் தொலைபேசி மணிக்காகக் காத்திருக்கிறார்கள். மாதந்தோறும் பணம் தவறுவதில்லை, மருந்தும் தவறுவதில்லை. அவர்களிடம் யாரேனும் ஒரு வேலையை ஒப்படைத்து, ஒரு யோசனையைக் கேட்டு எத்தனை நாள் ஆயிற்று?

ஆடு மேய்க்காத நபி எவருமில்லை என்பதும், நம் பெருமானார் (ஸல்) அவர்களே மக்காவாசிகளின் ஆடுகளை மேய்த்தார்கள் என்பதும் மதரஸாப் பிள்ளைகள் அறிந்தவை. மூஸா (அலை) அவர்கள் மத்யனுக்கு வந்த வரலாற்றில் நான் எப்போதும் நின்று பார்க்கும் ஓரிடமுண்டு. தந்தை மிக முதியவர். ஆகவே பெண்மக்கள் இருவர் ஆடுகளோடு நீர்த்துறையில் ஒதுங்கி நிற்கின்றனர். வலிய இளைஞர் ஒருவர் வந்து நீர் புகட்டுகிறார். பின் அந்தக் குடும்பத்துக்கே மேய்ப்பராகிறார். கரிசலில் முதியவர் வீட்டிலில்லை, காட்டில் இருக்கிறார். இளைஞர்தாம் வரவில்லை.

வர மாட்டார்கள் என்று பெரியவரும் சொன்னார், கோபமின்றியே சொன்னார். “ஆடு மேய்க்கிறவனுக்கு ஆரு பொண்ணு குடுப்பா?” அத்தோடு மேய்ச்சல் நிலமும் சுருங்குகிறது. கயத்தாறு பக்கம் காற்றாலைகள் எழுந்து பல்லாண்டுகளாயின. அவற்றின் அடியிலாவது ஆடு மேயும். சூரிய மின் நிலையங்கள் அப்படியல்ல. சுற்றிலும் கம்பி வேலி. அவருடைய சொந்தச் சீமையாகிய கமுதியில் 2016இல் தொடங்கிய நிலையம் ஒன்று மட்டும் 648 மெகாவாட். அது பரந்து கிடப்பது ஏறத்தாழ 2,500 ஏக்கர். மின்சாரம் வேண்டாம் என்று எவரும் சொல்லப் போவதில்லை. ஆனால் மனைத் தரகர்கள் கல் நட்ட காடும், வேலியிட்ட காடும் போக, ஒரு மந்தை இடையில் நிற்காமல் எத்தனை மைல் நடந்தால் அடுத்த மேய்ச்சல் கிடைக்கும் என்பதை அவர் விரல் விட்டு எண்ணிக் காட்டினார். ஐந்தாண்டுக்கு முன் ஒரு பகல். இப்போது இரண்டு. நாற்கரச் சாலையைக் குறுக்கே கடப்பது தனிக் கதை, வண்டிகள் நிற்பதில்லை.

நான் எழுந்தபோது இருட்டிவிட்டது. அம்மையார் கழுத்தில் மாட்டியிருந்த சிறு சூரிய விளக்கை எரியவிட்டு, வலைக் கயிறுகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்துக்கொண்டு போனார். இந்தக் காட்டில் இன்னும் நான்கு இரவுகள்தாம் பேச்சு. ஐந்தாம் நாள் காலையில் குட்டி யானை வரும். கூடாரத்தைப் பிரித்துச் சுருட்ட அரை மணி நேரம் போதும். அடுத்து நாகலாபுரம் பக்கம் ஒருவர் வரச் சொல்லியிருப்பதாகப் பெரியவர் சொன்னார். அவர் காட்டில் பருத்தி எடுப்பு முடிந்துவிட்டதா என்று யாரையேனும் கேட்டுச் சொல்ல முடியுமா என்று என்னைக் கேட்டுக்கொண்டார்.