பதிவுப் புத்தகமும் பழைய காரும்

யாழ்ப்பாணம் போய் வருபவர்கள் கோட்டையையும் நூலகத்தையும் தீவுகளுக்குப் போகும் படகையும் பற்றி எழுதுவதுதான் வழக்கம். இம்முறை அங்கெல்லாம் உங்களை நான் அழைத்துச் செல்லப்போவதில்லை. அந்த ஊர் வீதிகளில் இன்னும் அங்கொன்றும் இங்கொன்றுமாக ஓடிக்கொண்டிருக்கும் பழைய கார்களைப் பற்றியே சொல்லப்போகிறேன். கிதாபு ஓதிக்கொடுக்கும் ஒருவருக்குக் காரைப் பற்றி என்ன தெரியும் என்று எண்ணிவிடாதீர்கள். ஒரு பொருள் யாருக்குச் சொந்தம், அதன் பெறுமதி என்ன என்ற கேள்வி எழுந்துவிட்டால் அது எங்கள் பாடத்துக்குள்ளும் வந்துவிடுகிறது.

ஒஸ்டின் ஏ-40, ஒஸ்டின் கேம்பிரிட்ஜ், மொரிஸ் மைனர், மொரிஸ் ஒக்ஸ்போர்ட். இவைதான் யாழ்ப்பாணத்தின் கார்கள். ஏ-40ஐ ஊரார் 'ஏ போட்டி' என்பார்கள். 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் கார் இறக்குமதி ஏறக்குறைய நின்றுபோனது. 1977இல் திறந்த பொருளாதாரம் வரும்வரை இருந்ததைப் பேணிக்காப்பதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. பேணிக்காப்பதில் யாழ்ப்பாணத்தாரை யாரும் மிஞ்ச முடியாது என்பது உங்களுக்குத் தெரிந்ததே.

பிறகு யுத்தம் வந்தது. 1990களின் முதற்பாதியில் குடாநாட்டுக்குப் பெற்றோல் போகத் தடை. கள்ளமாக வந்தது சிறு போத்தல் கணக்கில் யானை விலைக்கு விற்கப்பட்டது. அப்போது இந்தக் கிழட்டுக் கார்கள்தான் கைகொடுத்தன. இவற்றின் எஞ்ஜின் காற்றையும் எரிபொருளையும் அழுத்தும் அளவு ஏறக்குறைய ஏழுக்கு ஒன்றுதான். ஆகவே தரங்குறைந்த எண்ணெயையும் அவை சகித்துக்கொண்டன. ஆனால் குளிர்ந்திருக்கும்போது மண்ணெண்ணெய் ஆவியாகாது. எனவே கார்பரேட்டரில் சில துளி பெற்றோலை விட்டு எஞ்ஜினைக் கிளப்புவார்கள். சூடு ஏறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். வெள்ளைப் புகை கக்கும். பிளக் கரி பிடிக்கும். எரியாத மண்ணெண்ணெய் கீழே இறங்கி எஞ்ஜின் ஒயிலோடு கலந்து அதைத் தண்ணீராக்கிவிடும். ஆனாலும் ஓடின. 1995 அக்டோபர் 30இல் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் நாவற்குழிப் பாலம் தாண்டித் தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்தபோது, நடக்க இயலாத முதியோர் சிலரைச் சுமந்து சென்றவையும் இந்தக் கார்களே.

இவற்றுள் கேம்பிரிட்ஜுக்கு ஒரு விசேஷம் உண்டு. 1959இல் வந்த அதன் புதிய உடலை வரைந்து கொடுத்தது இங்கிலாந்துக்காரர் அல்ல. இத்தாலியின் டூரின் நகரில் இருந்த பினின் பரினா என்ற நிறுவனம். பெராரி என்ற பந்தயக் கார்களுக்கு உடல் வரைந்ததும் அதே நிறுவனம்தான். சந்தையில் மட்டும் மலைக்கும் மடுவுக்குமான தூரம். அதே நிறுவனம் வரைந்த 1961ஆம் ஆண்டு பெராரி 250 கலிபோர்னியா கார் ஒன்று, பிரான்சில் ஒரு கொட்டிலில் பழைய சஞ்சிகைக் கட்டுகளுக்கு அடியில் தூசி படிந்து கிடந்தது. 2015 பெப்ரவரியில் பாரிஸ் ஏலத்தில் அது ஒரு கோடியே 63 இலட்சம் யூரோவுக்குப் போனது. 1962 முதல் 1964 வரை 36 மட்டுமே செய்யப்பட்ட பெராரி 250 ஜி.டி.ஓ. வகையில் ஒன்று, 2018இல் அமெரிக்காவில் 4 கோடியே 84 இலட்சம் டொலருக்கு விற்பனையானது.

இந்த வீண் ஆடம்பரத்தை மெச்சுவதற்காக நான் இதைச் சொல்லவில்லை. அந்த விலை எதன்மேல் நிற்கிறது என்பதைத்தான் கவனிக்க வேண்டும். அந்த வகைக் கார்களின் சாயலில் மலிவான பெராரிகளை வெட்டி ஒட்டிப் போலிகள் பல செய்யப்பட்டிருக்கின்றன. ஆகவே வாங்குபவர் முதலில் பார்ப்பது அழகை அல்ல. சேஸி இலக்கமும் எஞ்ஜின் இலக்கமும் ஒத்துப்போகின்றனவா? முதல் உரிமையாளர் யார்? அவரிடமிருந்து யாருக்குப் போனது? நடுவில் யாராவது விடுபட்டிருக்கிறார்களா? எங்கள் ஹதீஸ் கலையில் அறிவிப்பாளர் தொடரை ஒவ்வொருவராக நிறுத்துப் பார்ப்பது போன்ற வேலை இது. இங்கிலாந்திலும் 1990இல் ஒரு வழக்கு நடந்தது. பழைய பென்ட்லி பந்தயக் கார் ஒன்றின் பாகங்கள் பெரும்பாலும் மாற்றப்பட்டுவிட்ட பிறகும், அதன் வரலாறு அறுபடாமல் வந்திருப்பதால் அது அதே கார்தான் என்று நீதிபதி தீர்ப்பளித்தார்.

அதே 1990இல்தான் யாழ்ப்பாணத்தில் பல பொருள்களின் தொடர் அறுந்தது. அக்டோபர் 30ஆம் திகதி சோனகர் தெருவிலும் ஐந்து சந்தியிலும் வாழ்ந்த முஸ்லிம்களுக்கு ஊரைவிட்டு வெளியேற இரண்டு மணி நேரம் தரப்பட்டது. எங்கள் குடும்பமும் அவற்றுள் ஒன்று. எனக்கு அப்போது பத்து வயது. இரும்புக் கடை, லொறி, பழைய இரும்பு வியாபாரம் என்று வாகனத்தோடு வாழ்ந்தவர்கள் எம்மவரில் பலர். வாகனங்கள் வாசலில் நின்றபடி நிற்க, மனிதர்கள் மட்டும் புத்தளம் போய்ச் சேர்ந்தார்கள்.

புத்தளத்தில் எங்களுக்கு அயலவரான பெரியவர் ஒருவர் இன்றும் தன் ஏ-40இன் பதிவுப் புத்தகத்தை பிளாஸ்டிக் உறையில் போட்டு அலுமாரியில் வைத்திருக்கிறார். நான் யாழ்ப்பாணம் போகிறேன் என்று கேள்விப்பட்டதும், சேஸி இலக்கத்தையும் எஞ்ஜின் இலக்கத்தையும் ஒரு துண்டில் எழுதித் தந்து, "தம்பி, சும்மா கேட்டுப் பாருங்க" என்றார். சும்மா கேட்பதற்கு யாராவது முப்பத்தைந்து வருடம் புத்தகத்தைப் பாதுகாப்பார்களா?

நகரில் பழைய காரொன்றைக் கல்யாண வாடகைக்கு ஓட்டும் ஒருவரிடம் அந்தத் துண்டைக் காட்டினேன். எழுபது வயதைத் தாண்டியவர். கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு தடவை வாசித்தார்.

"மௌலவி, நம்பரை வைச்சு இனிக் காரைப் பிடிக்கேலாது. அந்த நாளையில ஒண்டைக் கழட்டித்தான் ரெண்டை ஓட்டினது. என்ர காரில இருக்கிற கியர்பெட்டியும் ஆற்றையோ ஒருத்தற்றை. பட்டறையில வாங்கினனான். ஆர் விட்டிட்டுப் போனது எண்டு அப்ப ஆர் கேட்டது?"

சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "உங்கட சட்டத்தில இதுக்கு என்ன சொல்லியிருக்கு?" என்றும் கேட்டார்.

கேட்டவருக்குச் சொல்லித்தானே ஆக வேண்டும்! உரிமையாளரின் சம்மதமின்றி எடுக்கப்பட்ட பொருள் எத்தனை கை மாறினாலும் அவருடையதே. அறியாமல் வாங்கியவர் மேல் பாவமில்லை. ஆனால் தெரியவந்தால் பொருள் உரியவருக்குத் திரும்ப வேண்டும். தான் கொடுத்த பணத்தை அவர் விற்றவரிடம் கேட்டுக்கொள்ளலாம். பொருள் அழிந்துவிட்டால் பெறுமதி கொடுக்க வேண்டும். எந்த நாளின் பெறுமதி? பறித்த நாளுக்கும் அழிந்த நாளுக்கும் இடையில் அது எட்டிய மிக உயர்ந்த விலை என்பது எமது ஷாபிஈ மத்ஹபின் நிலைப்பாடு. உரியவர் மனமுவந்து விட்டுக்கொடுத்தால் அது வேறு விஷயம். இதைச் சொல்லி முடித்தபோது அவருடைய கைகளைப் பார்த்தேன். கிறீஸ் ஊறிக் கறுத்த விரல்கள். அந்தக் கியர்பெட்டியை இத்தனை வருடம் உயிரோடு வைத்திருந்ததும் அந்த விரல்கள்தாம். கிதாபில் படிப்பது இலகு.

இப்போது ஏன் இந்தப் பேச்சு என்று கேட்கிறீர்களா? இந்தக் கார்களுக்கு மீண்டும் விலை வந்துவிட்டது. 2002இல் ஏ-9 பாதை திறந்தபோதும் 2009க்குப் பிறகும் தெற்கிலிருந்து ஆட்கள் வந்து தேடித் தேடி வாங்கினார்கள். 2020 மார்ச் முதல் 2025 பெப்ரவரி வரை தனியார் கார் இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்தபோது ஓடுகின்ற எதற்கும் கிராக்கி ஏறியது. மண்ணெண்ணெய் காலத்து மலிவு மட்டும் போய்விட்டது. 2022 ஆகஸ்டில் ஒரே நாளில் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக அது உயர்ந்தது. வெளிநாட்டில் இருக்கும் நம் பிள்ளைகளும் ஆசைக்கும் முதலீட்டுக்கும் பழைய கார் விசாரிக்கிறார்கள். ஆசைக்கு வாங்கிச் சொந்தப் பாவனைக்கு வைத்திருந்தால் ஸகாத் இல்லை. விற்று இலாபம் பார்க்கும் நிய்யத்தோடு வாங்கினால் அது வியாபாரப் பொருள்; வருட முடிவில் அன்றைய சந்தை விலைக்கு இரண்டரை வீதம் கணக்கிட வேண்டும். அது எப்படியிருந்தாலும், யாழ்ப்பாணத்துக் காரொன்றை வாங்கப் போகும்போது நிறத்தையும் குரோமியப் பளபளப்பையும் பார்க்கும் முன் பதிவுப் புத்தகத்தைக் கேளுங்கள். சேஸியில் பொறித்திருக்கும் இலக்கத்தோடு ஒப்பிடுங்கள். 1990இலும் 1995இலும் யார் கையில் இருந்தது என்று விசாரியுங்கள். விற்பவரும் மண்ணெண்ணெயில் ஓடிய எஞ்ஜினை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

ஊர் திரும்பியதும் நடந்ததைப் பெரியவரிடம் சொன்னேன். அந்தக் கியர்பெட்டி தன்னுடையதா என்று அவர் கேட்கவே இல்லை. அந்த டிரைவர் எந்தப் பகுதி, யாருடைய மகன் என்று விசாரித்தார். பிறகு பதிவுப் புத்தகத்தை என்னிடம் தந்து, இரண்டு போட்டோப் பிரதி எடுத்து ஒன்றை அவரிடம் கொடுத்துவைக்கச் சொன்னார். பட்டறைக்காரர்களுக்கு இலக்கங்கள் நினைவில் நிற்குமாம். அடுத்த கல்லூரி விடுமுறையில் கொண்டுபோகிறேன்.